எவ்வளவு காலம் நிற்பார்கள்? உடுவில் தம்பதியும் கைலுவா தம்பதியும்

1819ஆம் ஆண்டு பொஸ்டன் துறைமுகத்திலிருந்து நாலரை மாத இடைவெளியில் இரண்டு பாய்க்கப்பல்கள் புறப்பட்டன. ஜூன் 8ஆம் திகதி கிளம்பிய ‘இண்டஸ்’ கல்கத்தாவுக்குப் போனது. அதில் வந்தவர்கள் அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். ஒக்டோபர் 23ஆம் திகதி கிளம்பிய ‘தடியஸ்’ தென்னமெரிக்காவின் அடிமுனையைச் சுற்றிக்கொண்டு பசிபிக் கடலுக்குள் ஏறி, 1820 ஏப்ரல் 4இல் ஹவாய்த் தீவின் கைலுவாக் கரையில் நங்கூரம் போட்டது. இரண்டு குழுக்களையும் அனுப்பியது 1810இல் தொடங்கப்பட்ட ‘அமெரிக்கன் போர்ட்’ என்ற ஒரே மிஷன் சங்கம். முதல் கப்பலில் லேவி ஸ்போல்டிங்கும் மனைவி மேரியும். இரண்டாவதில் ஏசா தேர்ஸ்டனும் மனைவி லூசியும். ஆண்கள் இருவரும் அண்டோவர் இறையியல் கல்லூரியில் ஓராண்டு முன்பின்னாகப் படித்து முடித்தவர்கள்.

சங்கத்துக்குத் தனி ஆண்களை அனுப்ப விருப்பமில்லை. தீவுக்குப் போகிறவன் மனைவியோடு போகவேண்டும். அதனால் ஏசாவுக்கு அவசரமாகப் பெண் தேடினார்கள். லூசி ஒரு பள்ளி ஆசிரியை. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் பேச்சுக்கால் நடத்தி, இருவரும் முதன்முதல் சந்தித்து மூன்று கிழமைக்குள் கலியாணம் முடிந்து, அடுத்த பதினொரு நாளில் கப்பலும் ஏறியாயிற்று. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளை லீவில் வந்து நிற்கும்போது நடக்கிற கலியாணங்களைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பு இராது.

இந்த இரண்டு தம்பதிகளையும் கிளிநொச்சிப் பக்கத்துக் கண்டாவளையில் இருந்துகொண்டு ஏன் ஒப்பிட வேண்டும்? வெளியிலிருந்து சேவைக்கென்று யார் வந்தாலும் இங்கே முதலில் எழுவது “எவ்வளவு காலம் நிப்பினம்?” என்ற கேள்வி. பெயர், ஊர், சமயம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கேள்வி சும்மா வந்ததல்ல. போர் மூண்டிருந்த 2008 செப்டெம்பரில் ஐ.நா.வும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறவேண்டும் என்று அரசு பணித்தபோது, கிளிநொச்சியில் அவர்களுடைய அலுவலக வாசலில் சனம் கூடி நின்று போகவேண்டாம் என்று கேட்டது. அவர்கள் போனார்கள். அடுத்த தை மாதம் முரசுமோட்டையும் தர்மபுரமும் மூட்டை முடிச்சோடு பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் கிழக்கே நடந்துகொண்டிருந்தன. பிறகு செட்டிகுளம் முகாம்களிலிருந்து சனம் திரும்பி வந்தபோது தொண்டு நிறுவனங்களும் கூடவே வந்தன. திட்டம் முடிய, பெயர்ப்பலகையை விட்டுவிட்டுப் போய்விட்டன. ஆகவே நீண்ட காலம் நிற்கிறவரே நல்லவர் என்ற எண்ணம் இந்த மண்ணில் ஊறிப்போயிருக்கிறது.

அந்த எண்ணத்தை உரசிப் பார்க்க ஸ்போல்டிங் தம்பதியின் உடுவிலையும் தேர்ஸ்டன் தம்பதியின் கைலுவாவையும் விடப் பொருத்தமான சோடி எனக்குத் தெரியவில்லை. இரண்டு தம்பதிகளும் இளமையில் போய், போன இடத்திலேயே நரைத்தவர்கள். ஸ்போல்டிங் 1873 ஜூன் 18இல் உடுவிலில் கண்ணை மூடினார். மேரி அடுத்த ஆண்டு. ஏசா தேர்ஸ்டன் 1868இல் ஹொனலூலுவில் இறந்தார். லூசி 1876 வரை இருந்தார். ஊழியக் காலத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒருவருக்கு 53 ஆண்டு, மற்றவருக்கு 48. காலத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அவர்கள் நின்ற இரண்டு கரைகளுக்கும் பிறகு நேர்ந்தவை எதிரெதிரானவை.

கைலுவாவில் தொடங்குவோம். தடியஸ் பொஸ்டனில் பாய் விரிப்பதற்கு முன்பே, 1819 மே மாதத்தில், ஹவாய்த் தீவுகளை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த முதலாம் கமேஹமேஹா இறந்துவிட்டார். கப்பல் கடலில் இருந்தபோது அவருடைய மகன் லிஹோலிஹோ பெண்களோடு ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டான். ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக்கூடாது என்ற ‘கபு’ விலக்கு அதோடு உடைந்தது, விக்கிரகங்கள் எரிக்கப்பட்டன, கோயில் ஒழுங்கு சரிந்தது. விக்கிரகங்களோடு மல்லுக்கட்ட ஆயத்தமாக வந்தவர்களுக்குக் கரையில் எதிராளி இல்லை. அரசனும் தலைவர்களும் யோசித்து, ஒரு வருடம் தங்கிப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். ‘எவ்வளவு காலம்?’ என்ற எங்கள் கேள்வியை ஹவாய் அரசன் தொடக்கத்திலேயே கேட்டு, பதிலையும் தானே சொல்லியிருக்கிறான். அந்த ஒரு வருடத் தவணை எப்படி நீண்டது என்பதுதான் மீதிக் கதை.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. இங்கே அரசன் இல்லை; ஆங்கிலேயத் தேசாதிபதி இருந்தார். தேசாதிபதி பிரவுண்றிக் 1816இல் வந்த முதல் அமெரிக்கக் குழுவை வடக்கே அனுப்பிவைத்தார். டானியல் பூவர் தெல்லிப்பழையிலும் பெஞ்சமின் மெய்க்ஸ் வட்டுக்கோட்டையிலும், போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கையாண்டு கூரை இழந்து நின்ற பழைய கோயில்களில் குடியேறினார்கள். ஸ்போல்டிங் தம்பதி 1820 தொடக்கத்தில் வந்து சேர்ந்த காலத்தோடு ஆட்சி மாறியது. புதிய தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் இனி அமெரிக்கர் ஒருவரும் வரக்கூடாது என்று கதவைச் சாத்தினார். அச்சு வேலைக்கென்று வந்த ஜேம்ஸ் கரட் என்ற இளைஞரை நாட்டை விட்டே அனுப்பிவிட்டார். கதவு 1833இல்தான் மறுபடி திறந்தது.

பதின்மூன்று வருடம் புதிதாக ஓர் ஆளும் வரவில்லை. இருந்தவர்களோ செத்துக்கொண்டிருந்தார்கள். முதற் குழுவில் வந்த வாரன் கதவு சாத்துமுன்பே 1818இலும், பூவரின் மனைவி சூசன் 1821இலும், அதே குழுவின் றிச்சட்ஸ் 1822இலும், உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடக்கிய ஹரியட் வின்ஸ்லோ 1833 தை மாதத்திலும் போய்விட்டார்கள். பள்ளிக்கூடங்களை நடத்த, பாடம் எழுத, பிரசங்கம் செய்ய ஊரவரை விட்டால் வேறு நாதியில்லை. 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கென ஒரு செமினரி தொடங்கியதற்குக் கல்வி மீதான பற்று ஒரு காரணம். ஆள் இல்லாத நெருக்கடியும் காரணம் என்பதை மிஷன் வரலாறு எழுதுகிறவர்கள் மெல்லத்தான் சொல்வார்கள். பார்ன்ஸ் கதவைச் சாத்தியது யாழ்ப்பாணத்துக்கு நல்லதாகப் போயிற்று என்பது என் கணிப்பு. ஹவாயில் அந்தக் கதவு ஒருநாளும் சாத்தப்படவில்லை. பன்னிரண்டு கப்பற் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின.

மொழி விடயத்தில் இரண்டு தம்பதிகளும் கண்டது வானமும் பூமியுமான வேறுபாடு. ஹவாயில் வாய்மொழி வளம் பெரிது, எழுத்து இல்லை. வந்தவர்கள் எழுத்து அமைத்தார்கள்: ஐந்து உயிர், ஏழு மெய், மொத்தம் பன்னிரண்டு. 1822 ஜனவரி 7இல் முதல் தாள் அச்சேறியது. 1839இல் வேதாகமம் முழுவதும் ஹவாய் மொழியில் வந்துவிட்டது. மொழிபெயர்ப்பில் தேர்ஸ்டனுக்கும் பங்குண்டு. ஓர் இனம் ஒரே தலைமுறைக்குள் வாசிக்கக் கற்றுக்கொண்டது. இது சிறிய சாதனையல்ல. ஆனால் அந்த எழுத்தில் முதலில் வந்த புத்தகங்கள் எல்லாம் எழுத்தைக் கொடுத்தவர்களின் புத்தகங்கள். ஆசிரியனைப் பார்த்து ‘நீர் எழுதியது பிழை’ என்று சொல்ல அந்தத் தொடக்க ஆண்டுகளில் ஒரு பழைய ஏடு கூட அவர்கள் கையில் இல்லை.

உடுவிலில் ஸ்போல்டிங்குக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. அவர் அகராதி செய்ய உட்கார்ந்தபோது நிகண்டுகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றைத் தலைகீழாகச் சொல்லும் பண்டிதர்களும் பக்கத்து வளவில் இருந்தார்கள். ஜோசப் நைட் தொகுக்கத் தொடங்கி முடிக்காமல் இறந்துபோன வேலை ஸ்போல்டிங் கைக்கு வந்தது. சந்திரசேகர பண்டிதர் முதலானோரின் உழைப்போடு 1842இல் மானிப்பாயில் அச்சேறிய ‘மானிப்பாய் அகராதி’ 58,000க்கு மேற்பட்ட சொற்களைத் தொகுத்தது. சொல்லை அடுக்கும் முறை மேல்நாட்டது. சொல்லும் பொருளும் ஊரவரது. அமெரிக்கர் இங்கே மாணவராக இருந்தே ஆகவேண்டியிருந்தது. தமிழைப் பிழையாகப் பேசினால் சந்தையில் சிரிப்பார்கள். பிழையாக அச்சடித்தால் மறுப்பு நூல் வரும். மெதடிஸ்த மிஷனின் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்கிய ஆறுமுகநாவலர், அதே மிஷன் முறையைக் கைக்கொண்டு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் திறந்தார். பாதிரிமாருக்குப் பதில் சொல்லும் நூல்களையும் தன் அச்சுக்கூடத்திலேயே அடித்தார்.

செமினரியில் படித்த சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆனார்கள். அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களை மாணவருக்குச் சூட்டுவது அந்த மிஷனின் வழக்கம். அப்படித்தான் விசுவநாதபிள்ளை ‘கறோல்’ விசுவநாதபிள்ளை ஆனார். தாமோதரம்பிள்ளை சைவத்துக்குத் திரும்பி, ஏட்டுச்சுவடிகளில் செல்லரித்துக் கிடந்த தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சில் பதிப்பித்தார். மிஷனின் கணக்குப் புத்தகத்தில் இவர் இழப்பு. தமிழின் கணக்கில்? பணம் கொடுத்த அமெரிக்கர் கனவிலும் நினைத்திராத வரவு.

எண்ணிக்கையில் பார்த்தால் உடுவில் தோற்றது, கைலுவா வென்றது. ஹிலோவில் டைட்டஸ் கோவன் என்ற பாதிரியார் 1838 ஜூலை 1ஆம் திகதி ஒரே நாளில் 1,705 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் முழுவதும் பல பத்தாண்டுகள் உழைத்துச் சேர்த்த சபையார் சில நூறு பேர்தான். கைலுவாவில் எரிமலைக் கல்லை அடுக்கி, பவளச் சுண்ணாம்பு குழைத்து 1837இல் எழுப்பிய மொகுஐகௌவா தேவாலயம் இன்றும் நிற்கிறது.

அங்கே இன்னொரு கணக்கும் இருந்தது. மிஷன் எடுத்த குடித்தொகைக் கணக்கில் 1830களின் தொடக்கத்தில் ஹவாயில் 130,000 பேர். 1853இல் 73,000. வெளியிலிருந்து வந்த கப்பல்கள் கொண்டுவந்த தட்டம்மையும் குக்கலும் இன்புளுவென்சாவும் தீவுகளைத் துடைத்துக்கொண்டு போயின. தேர்ஸ்டன் ஞானஸ்நானம் கொடுத்தவர்களைவிட அதிகமானோரை அதே கையாலேயே புதைத்திருப்பார். சாகிற இனத்துக்கு நடுவே நரைப்பதும், பெருகுகிற இனத்துக்கு நடுவே நரைப்பதும் ஒரே அனுபவமாக இருக்க முடியாது. முன்னதில், இருக்கிறவனுக்கு இடம் பெரிதாகிக்கொண்டே போகும். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

இனிப் பிள்ளைகளின் கதை. இந்த ஒப்பீட்டின் நடுவேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு தம்பதிகளுக்கும் ஒரே பயம்: ஊர்ப் பிள்ளைகளோடு பழகினால் தங்கள் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள். லூசி தேர்ஸ்டன் கைலுவா வளவைச் சுற்றி மதில் எழுப்பி, அதற்குள்ளேயே இரண்டு முற்றம் வகுத்தார். ஒன்று ஊரவர் வந்துபோக. மற்றது பிள்ளைகளுக்கு, அங்கே ஊரவருக்கு அனுமதியில்லை. ஆங்கிலம் நன்றாக ஊன்றும்வரை பிள்ளைகள் ஹவாய் மொழியைக் கற்கவும் தடை. பகல் முழுவதும் ஊர்ப் பெண்களுக்கு எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர்களுடைய மொழி தன் பிள்ளைகளின் நாவில் ஏறாமல் காவல் காத்த தாய் அவர். இதை ஒளிக்காமல் தாமே எழுதியும் வைத்தார்.

அதற்காக லூசியைக் கல்நெஞ்சக்காரி என்று தள்ளிவிட மனம் வரவில்லை. 1840இல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போனார். இரண்டாவது மகள் அங்கே போய்ச் சேர்ந்த கையோடு நோய்கண்டு இறந்தாள். மற்றப் பிள்ளைகளில் சிலரை அங்கே விட்டுத் திரும்பினார். 1855இல் மார்பில் புற்றுநோய். மயக்கமருந்து இல்லாமல், நாற்காலியில் இருந்தபடியே, முழு நினைவோடு கத்திக்கு உடம்பைக் கொடுத்தார். அதற்குப் பிறகு 21 வருடம் வாழ்ந்தார். அந்தச் சத்திரசிகிச்சையை மகளுக்கு விவரித்து அவர் எழுதிய கடிதத்தைப் படித்தவர் எவரும் அவருடைய துணிவைக் குறைத்துப் பேசமாட்டார்.

யாழ்ப்பாணத்து அமெரிக்கர் பிள்ளைகள் பிரச்சினைக்குக் கண்ட வழி கப்பல். ஏழெட்டு வயதில் பிள்ளையைக் கடலேற்றி, நியூ இங்கிலாந்தில் உறவினர் வீட்டுக்கோ வேறு கிறிஸ்தவக் குடும்பத்துக்கோ அனுப்பிவிடுவார்கள். பிறகு பார்ப்பது நிச்சயமில்லை. ஐந்து மாதப் பயணம். கடிதம் போய் வர ஒரு வருடம். கனடாவுக்கும் பிரான்சுக்கும் பிள்ளையை ஏஜென்சிக்காரன் கையில் பிடித்துக் கொடுத்த தாய்மாரைத் தெரிந்த ஊர் இது. அந்தக் கப்பல் துறையில் நின்ற தாய்மாரின் நிலை எங்களுக்கு விளங்கும். ஸ்போல்டிங் தம்பதி 1840களில் ஒருமுறை தாய்நாடு போய் வந்தார்கள். மற்றக் காலமெல்லாம் இங்கேதான். மேரி 1833 முதல் உடுவில் பெண்கள் பள்ளியைப் பொறுப்பெடுத்து, 1840இல் எலைசா அக்னியூ வந்து அதிபராகும்வரை நடத்தினார். அதற்குப் பிறகும் அந்த வளவை விட்டு விலகவில்லை. அங்கே மகள்மார் வேறு வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குக் கலியாணம் பேசும் நாளில் மிஷன் ஒரு சிறு சீதனமும் கொடுத்தது. சீதனம் தவறு என்று பிரசங்கித்துப் பார்த்து, எடுபடாமல், கடைசியில் யாழ்ப்பாணத்தான் சொன்ன வழிக்கே வந்தார்கள்.

ஹவாய் மிஷன் 1841இல் கப்பலுக்கு மாற்று வழி கண்டுபிடித்தது: ஹொனலூலுவில் புனஹோ பள்ளி. மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்றே தொடங்கிய பள்ளி. நிலம் ஹவாய்த் தலைவர்கள் மிஷனின் பாதிரியாரான பிங்கமுக்குக் கொடுத்தது. பிள்ளைகளைப் பிரியவேண்டியதில்லை என்று தாய்மார் கண்ணீர் துடைத்தார்கள். நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன். ஆனால் அந்தப் பள்ளியிலிருந்துதான், மதிலுக்குள் வளர்ந்த, தீவைச் சொந்த ஊர் என்று உணர்ந்த, தீவாரோடு ஒட்டாத ஒரு தலைமுறை வெளியே வந்தது.

நிலமும் அதே சமயத்தில் கை மாறத் தொடங்கியது. 1848இல் ஹவாய் அரசன் மூன்றாம் கமேஹமேஹா, வெள்ளைக்கார ஆலோசகர்களின் சொற்கேட்டு, பொதுவாக ஆண்டுவந்த காணியைப் பங்குபோட்டு உறுதி எழுத வழி செய்தான். அரசனின் ஆலோசகர்களில் மிஷனை விட்டு வந்த முன்னாள் பாதிரிமாரும் இருந்தார்கள். 1850இல் வெளிநாட்டாரும் நிலம் வாங்கலாம் என்றாயிற்று. அதே ஆண்டுகளில் பொஸ்டன் சங்கம் செலவைக் குறைத்து, நீங்களே உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஹவாய் மிஷனரிகளிடம் சொல்லிவிட்டது. காணி வாங்கினார்கள். மிஷன் பண்டகசாலையை நடத்திய காசிலும் குக்கும் 1851இல் ஆரம்பித்த வணிகம் பின்னாளில் தீவுகளின் சர்க்கரையைக் கையில் வைத்திருந்த ஐந்து பெரும் கம்பனிகளில் ஒன்றானது.

இரண்டு இடங்களுக்கும் ஒரே அதிகாரி நேரில் வந்து பார்த்தார் என்பது இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம். சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் 1855இல் யாழ்ப்பாணம் வந்தார். ஆங்கிலம் படித்தவன் உத்தியோகத்துக்குத்தான் போகிறான், ஊழியத்துக்கு வருவதில்லை என்று கணக்குப் பார்த்து, செமினரியை மூட வைத்தார். 1863இல் ஹவாய் போனார். வேலை முடிந்தது, இனி உள்ளூர்ச் சபை பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒப்படைத்தார். இரண்டு முடிவுக்கும் பின்னே இருந்தது ஒரே கொள்கை: அந்நியர் சீக்கிரம் விலகவேண்டும், ஊரவர் பொறுப்பேற்கவேண்டும். ஆனால் வட்டுக்கோட்டையில் ஊரவர் உண்மையிலேயே பொறுப்பேற்றார்கள். மூடிய செமினரியைத் திறக்கச்சொல்லிப் பழைய மாணவரும் சபையாரும் விடாமல் கேட்டு, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. ஹவாயில் ஒப்படைக்கப்பட்ட ‘உள்ளூர்’ சபையின் தலைமாட்டில் மிஷனரிகளும் அவர்களுடைய மக்களுமே இருந்தார்கள். அவர்களும் உள்ளூரார்தானே, அங்கே பிறந்தவர்கள்.

அப்படிப் பிறந்தவர்களில் ஒருவர் லொறின் தேர்ஸ்டன். ஏசாவுக்கும் லூசிக்கும் மகன் வழிப் பேரன். புனஹோவில் படித்த சட்டத்தரணி. 1887இல் அரசனைத் துப்பாக்கிமுனையில் கையொப்பமிட வைத்த ‘பயனெட் யாப்பு’ இவர் கைப்பட்டது. 1893 ஜனவரி 17இல் லிலியோகலானி அரசியைப் பதவியிலிருந்து இறக்கிய குழுவின் மூளையும் இவரே. முந்தின நாள் கரையிறங்கிய அமெரிக்கப் படைவீரர் வந்த போர்க்கப்பலின் பெயர் ‘பொஸ்டன்’. அடுத்து அமைந்த குடியரசுக்கு அதிபரான சன்போர்ட் டோல், புனஹோவின் முதல் அதிபருடைய மகன். 1898இல் ஹவாய் அமெரிக்காவோடு சேர்க்கப்பட்டது. அரசியை இறக்கி நூறு வருடம் கழித்து, 1993இல், அமெரிக்கக் காங்கிரசும், பழைய மிஷன் சங்கத்தின் வாரிசான திருச்சபையும் ஹவாய் மக்களிடம் மன்னிப்புக் கேட்டன.

பேரன் செய்ததற்குப் பாட்டியைக் கூண்டில் ஏற்ற முடியாது. லூசி இறந்து 17 வருடத்துக்குப் பிறகு நடந்தது அது. ஆனாலும் மதில், பள்ளி, காணி உறுதி என்று வரிசையாகப் பார்க்கும்போது, ஒவ்வொன்றும் பிள்ளைப்பாசத்தாலோ நல்ல எண்ணத்தாலோ வைத்த கல்லாகத்தான் தெரிகிறது. அரசன் கொடுத்த ஒரு வருடத் தவணை மூன்றாம் தலைமுறையில் அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டது.

உடுவில் தப்பியதற்கு ஸ்போல்டிங்கின் புண்ணியம் காரணம் என்று சொல்ல வரவில்லை. யாழ்ப்பாணத்தில் பறிக்க நிலம் இருக்கவில்லை. ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் உறுதியும், வழக்கும், வேலிச் சண்டையும் இருந்தன. ஆட்சி ஆங்கிலேயன் கையில். அமெரிக்கன் ஒருபோதும் விருந்தாளிதான். பிள்ளைகளை அனுப்பிவிட்டதால் ‘எங்கள் ஊர்’ என்று உரிமை கோர இரண்டாம் தலைமுறையும் வேரூன்றவில்லை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபோது யாழ்ப்பாண ஆதீனத்தின் முதல் பேராயராக வந்தவர் சபாபதி குலேந்திரன். 

ஆனால் உடுவில் கதையின் மறுபக்கத்தை ஆனையிறவுக்கு இக்கரையில் இருந்து பார்ப்பவர்கள் சொல்லாமல் விடக்கூடாது. யாழ்ப்பாணம் பாதிரிமாரைத் திருத்தியது என்றேன். எந்த யாழ்ப்பாணம்? செமினரியில் படித்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் வெள்ளாளர். சமபந்தி, சம இருக்கை என்று பேச்செடுத்த போதெல்லாம் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டலுக்கு மிஷன் பல இடங்களில் வளைந்து கொடுத்தது. ஊருக்குள் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவர்களுடைய திருத்தமே ஏறியது. மிஷனின் பெரிய நிலையங்கள் சாவகச்சேரியோடு நின்றுவிட்டன. அதற்கு அப்பால் காடு, மலேரியா, சனமில்லை. அந்தக் கல்வியின் மிச்சம் கண்டாவளைக்கு வந்தது நெடுங்காலத்துக்குப் பிறகு. 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் வந்து, இரணைமடு நீர் பாய்ந்து, வயல் திருந்தியபின் ஆசிரியராகவும் கிளாக்கராகவும் வந்தது. தர்மபுரம் பக்கம் மலையகத்திலிருந்து கலவரங்களால் துரத்தப்பட்டு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு உடுவில் மரபு என்பது இன்றைக்கும் கடலுக்கு அப்பால் உள்ள காரியம்தான்.

இன்றைக்குப் பசிபிக் தீவுகளுக்கு ஊழியத்துக்குப் போகும் தம்பதிகள் வேறு வகை. மோர்மன் சபை இதை ஒழுங்கான முறையாகவே வைத்திருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பிள்ளைகளைக் கரைசேர்த்த கணவனும் மனைவியும் சொந்தச் செலவில் டொங்காவுக்கோ சமோவாவுக்கோ கிரிபாட்டிக்கோ போகிறார்கள். தவணை ஆறு மாதத்திலிருந்து 23 மாதம் வரை. டொங்காவில் லியஹோனா, கிரிபாட்டியில் மொரோனி என்று சபையின் பள்ளிகள் இருக்கின்றன. ஆசிரியருக்குப் பயிற்சி கொடுப்பது, கிணறு தண்ணீர்த் திட்டம் பார்ப்பது, இளம் ஊழியர் தங்கும் வீடுகளைக் கவனிப்பது, கணக்கு எழுதுவது போன்ற வேலைகள். கிழமைக்கொருமுறை பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் கதைக்கலாம். தவணை முடிய விமானம்.

தேர்ஸ்டனின் தியாகத்தோடு வைத்துப் பார்த்தால் இது சுற்றுலா மாதிரித் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் இப்படிப் போகிறவர்களின் பேரன் டொங்கா அரசனைக் கவிழ்க்கப்போவதில்லை. சொந்தக் காணி இல்லை, தங்கள் பிள்ளைகளுக்கென்று பள்ளி இல்லை, மதில் இல்லை. குறுகிய தவணையில் உள்ள காப்பு அது. இழப்பும் உண்டு: பதினெட்டு மாதத்தில் மொழி வராது. மொழி வராதவனை ஊர் திருத்தாது. சிரித்து, சாப்பாடு கொடுத்து, மாலை போட்டு அனுப்பிவிடும்.

எங்கள் பக்கமும் அதே வயதுத் தம்பதிகள் வருகிறார்கள். கனடாவிலும் லண்டனிலும் பென்சன் எடுத்த எங்கள் ஆட்கள், அங்கே குளிர் தொடங்க இங்கே வந்து, இரண்டு மூன்று மாதம் பிள்ளைகளுக்கு ஆங்கிலமோ கணினியோ சொல்லிக்கொடுத்து, மாசி பங்குனியில் திரும்புகிறார்கள். இவர்களுக்கு மொழி தெரியும். அதனால் ஊர் இவர்களைத் திருத்தலாம். திருத்துவதில்லை. காசு கொண்டுவருகிறவரிடம் ‘அண்ணை, இந்தப் பாடம் இந்தப் பிள்ளையளுக்கு ஏறாது’ என்று அதிபர் எப்படிச் சொல்வது? அடுத்த வருடம் வராமல் விட்டால்? உடுவில் பண்டிதர்கள் ஸ்போல்டிங்கைத் திருத்தியது அவர்களுக்குத் தமிழ் தெரிந்ததால் மட்டுமல்ல. அவர் போனாலும் அவர்களுக்குச் சோறு இருந்தது.

இதில் மிகவும் அருகில் இருக்கும் சோடியைச் சொல்லாமல் விட்டால் பிழை. வடக்கில் புதிதாக ஆசிரியர் நியமனம் பெறுகிறவர் கஷ்டப் பிரதேசத்தில் குறிப்பிட்ட காலம் சேவை செய்யவேண்டும். யாழ்ப்பாணத்தில் வீடுள்ள ஆசிரியர்கள் விடியப்புறம் ஏ9 வழியே பஸ்ஸில் வந்து, பள்ளி விட்டதும் திரும்புகிறார்கள். கணவனும் மனைவியும் இருவரும் ஆசிரியராக இருந்து, ஒரே பஸ்ஸில் வந்து இரண்டு பள்ளிக்கூடங்களுக்குப் பிரிகிற சோடிகளும் உண்டு. தவணை முடிந்த வருடம் மாற்றம் எடுத்துவிடுவார்கள். இவர்களைப் பழிப்பது இங்கே வழக்கம். தேநீர்க்கடையில் அது நல்ல தலைப்பு. பழிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த ஆசிரியர்களின் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களில் படிக்கிறார்கள். கண்டாவளைப் பிள்ளைகளுக்குப் பகலில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் கை, தன் பிள்ளையை இந்தப் பள்ளியில் சேர்க்கத் துணியவில்லை. எத்தனை வருடம் நிற்பீர்கள் என்று அவர்களிடம் கேட்பதை விட்டு, உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். அதையே எங்கள் ஊரில் பிறந்து, எங்கள் ஊரிலேயே படிப்பித்து, பிள்ளையை விடுதியில் விட்டுப் படிப்பிக்கிற எங்கள் ஆசிரியர்களிடமும் கேட்கவேண்டிவரும்.